பிரேக் ஆயில் கசிந்த கதை

போன ஞாயித்துக்கிழமை, பழைய காருக்குப் பின்சக்கர பிரேக் ஷூ மாத்தலாம்னு நானே டிரம்மைக் கழட்டினேன். பையன் உள்ளே உக்காந்து பெடலை ஒரு மிதி மிதிச்சான். வீல் சிலிண்டர் பிஸ்டன் தெறிச்சு, தரையெல்லாம் பிரேக் ஆயில்! டிரம் இல்லாதப்ப பெடலைத் தொடவே கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லாதது என் தப்பு.

இந்தக் கசிவுக்கு வயசு நூறுக்கு மேல. மால்கம் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1917-ல். 1921-ல் டியூசன்பெர்க் கார் நாலு சக்கரத்துக்கும் அதைப் போட்டது. ஆனா தோல் சீல் கசிந்தது. கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பர் சீலுக்கு மாற்றி, 1924-ல் ஓரளவு மலிவான காரிலேயே கொடுத்தார்கள். ஃபோர்டு 1939 மாடல் வரை கம்பி, கேபிளையே நம்பியது.

இன்னொரு வில்லங்கம்: ஒரே சுற்று என்பதால், எங்கே கசிந்தாலும் நாலு சக்கரமும் போச்சு. இரட்டைச் சுற்றை 1968-ல்தான் அமெரிக்கா புது கார்களுக்குச் சட்டமாக்கியது.

ஆயில் குடிச்ச ஷூவைத் துடைச்சுப் போடாதீங்க, தூக்கிப் போடுங்க. நான் புது ஷூ, சிலிண்டர் கிட் ரெண்டும் வாங்கி, மெக்கானிக்கை வரவழைத்து ஏர் எடுத்த பிறகுதான் வண்டியை நகர்த்தினேன். நல்லவேளை, வாசலிலேயே தெறிச்சுது. பைபாஸ்ல தெறிச்சிருந்தா இந்தப் பதிவே இல்லை :)