அஸ்ஸூஃபியின் அட்டவணையும் மேகம் போன்ற விண்மீன்களும்

அரபு மொழியில் ‘அந்நஜ்மு’ என்று அடைமொழி எதுவுமின்றிச் சொன்னால் அது ஸுரய்யாவைக் குறிக்கும் என்பது பண்டைய அரபியரின் வழக்கு. ‘அந்நஜ்மு’ அத்தியாயத்தின் முதல் வசனத்துக்கு விரிவுரை எழுதிய முஃபஸ்ஸிர்களுள் ஒரு சாரார் இப்பொருளையே எடுத்துரைத்துள்ளனர். தமிழில் நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் அழைப்பது இதனையே. விண்மீன் என்னும் பெயருக்கே தனியுரிமை பெற்ற இது, உண்மையில் ஒரு விண்மீன் அன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் கூட்டம். ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, ஒன்றையொன்று ஈர்த்தவாறு ஒரே திசையில் பயணம் செய்து, நாளடைவில் கலைந்து போகும் இத்தகைய கூட்டங்களை இன்றைய வானியலார் ‘திறந்த விண்மீன் கொத்துகள்’ என்பர்.

சந்திரனின் இருபத்தெட்டு மன்ஸில்களை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். மூன்றாவதான ஸுரய்யா, நான்காவதான தபரான், ஐந்தாவதான ஹக்ஆ, எட்டாவதான நஸ்ரா ஆகிய நான்கிலும் திறந்த கொத்துகள் அமைந்துள்ளன. நஸ்ராவின் நடுவிலுள்ள மங்கலான ஒளித்திட்டு நம் பூச நட்சத்திரத்தோடு சேர்ந்தது. ஹக்ஆ என்பது ஓரியன் உருவத்தின் தலையில், அரபு எழுத்தான ‘ஸா’வின் மூன்று புள்ளிகளைப் போல நெருங்கி நிற்கும் மூன்று சிறு விண்மீன்கள். கிரேக்க அறிஞர் தாலமி தமது அல்மஜஸ்தியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பட்டியலிட்டபோது, இத்தகைய ஐந்தினை மட்டும் ‘மேகம் போன்றவை’ என்று தனியே குறித்தார். அரபு மொழிபெயர்ப்பில் அச்சொல் ‘ஸஹாபீ’ ஆயிற்று.

இப்பட்டியல் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபியின் கைக்கு வந்தது. அவர் 903-இல் ரய் நகரில் பிறந்தவர். ஷீராஸில் புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் பணியாற்றி 986-இல் மறைந்தவர். ஏறத்தாழ 964-இல் அவர் இயற்றிய ‘ஸுவருல் கவாகிப்’ நாற்பத்தெட்டு விண்மீன் மண்டலங்களையும் ஒரே ஒழுங்கில் விவரிக்கிறது. முதலில் ஒவ்வொரு விண்மீனையும் பற்றிய ஆய்வு, பிறகு அரபியர் வழங்கிய பெயர்கள், அதன்பின் அட்டவணை. ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரு ஓவியங்கள் உண்டு: வானில் காண்பவாறு ஒன்று, கோளத்தின் மீது வரைந்தவாறு மற்றொன்று. இந்நூலின் அரபு மூலத்தை 1954-இல் அச்சேற்றியது நம் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

நூலின் முன்னுரையைப் படிக்கும் எவரும் ஆசிரியரின் மனக்குறையை உணர்வர். அவருக்கு முன்னிருந்தோர் இரு வகையினர். ஒரு சாரார் கோளங்களையும் நூல்களையும் மட்டுமே நம்பி, வானத்தை நோக்காமல் எழுதியவர்கள். மறு சாரார் அரபியரின் அன்வா மரபைப் பின்பற்றியவர்கள். இரண்டாம் சாராரில் மிகச் சிறந்தவராக அவர் மதித்தது அபூஹனீஃபா அத்தீனவரீயை. ஹிஜ்ரி 335-இல் தீனவர் நகருக்குச் சென்றபோது அவ்வறிஞர் வாழ்ந்த இல்லத்திலேயே தங்கியதையும், அவர் விண்மீன்களை நோக்கிய மாடியைப் பற்றிக் கேட்டறிந்ததையும் அஸ்ஸூஃபி குறிப்பிடுகிறார். ஆயினும் தீனவரீக்குக் கவிதைகளிலும் வழக்காறுகளிலும் இருந்த தேர்ச்சி வானத்தைப் பற்றிய நேரடி அறிவில் இல்லை என்று கூறவும் அவர் தயங்கவில்லை. மதிப்பு வேறு, மதிப்பீடு வேறு என்பதை ஜர்ஹு–தஃதீல் கலை பயின்ற நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே அளவுகோலை அஸ்ஸூஃபியின் மீதும் வைத்துப் பார்ப்பதே முறை. விண்மீன்களின் இருப்பிடங்களை அவர் புதிதாக அளக்கவில்லை. 66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்ற கணக்கில், தாலமியின் தீர்க்க ரேகைகளோடு 12 பாகை 42 கலையைக் கூட்டினார். அட்ச ரேகைகளை அப்படியே விட்டுவிட்டார். எனவே தாலமியின் பிழைகள் பல அவரிடமும் தொடர்கின்றன. ஆனால் ஒவ்வொரு விண்மீனின் ஒளித்தரத்தையும் அவர் தம் கண்ணால் கண்டே பதிந்தார். தாலமியோடு தாம் மாறுபடும் இடங்களைச் சுட்டினார். ரிவாயத்தாக வந்தது எது, முஷாஹதாவால் பெற்றது எது என்பது அவருடைய நூலில் மயங்குவதில்லை. அந்நூலின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் மேடைகளில் அஸ்ஸூஃபியின் பெயர் ஒலிப்பதெல்லாம் ‘ஆண்ட்ரோமெடா அண்டத்தைக் கண்டுபிடித்தவர்’ என்ற ஒரே பெருமைக்காகவே. அவர் அதனை ஒரு மேகத் திட்டாகப் பதிவு செய்தார் என்பதும், நமக்குக் கிடைத்த நூல்களில் அதுவே முந்திய தெளிவான பதிவு என்பதும் உண்மை. அது வேறோர் அண்டம் என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் இயலாது. தாலமி குறிக்காத வேறு இரண்டினையும் அவர் பதிந்தார் என்பதைப் பேச்சாளர்கள் அறிவதில்லை. ஒன்று, அம்பு மண்டலத்துக்கு வடக்கே உள்ள மங்கல் திட்டு. மற்றொன்று, தென்வானில் கப்பல் மண்டலத்தைச் சேர்ந்த ஒரு மேக விண்மீன்.

தொலைநோக்கி வந்த பின் இந்த ‘ஸஹாபீ’ என்ற சொல்லே முதற் சோதனைக்கு உள்ளாயிற்று. 1610-இல் கலீலியோ ஓரியனின் தலையில், அதாவது நம் ஹக்ஆவில், இருபத்தொரு விண்மீன்களை எண்ணினார். நஸ்ராவின் திட்டில் நாற்பதுக்கும் மேல் கண்டார். 1767-இல் ஆங்கிலப் பாதிரியார் ஜான் மிச்செல், ஸுரய்யாவின் விண்மீன்கள் தற்செயலாக ஒரே இடத்தில் தோன்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒன்றே என்று கணக்கிட்டு, அவை மெய்யாகவே ஒரு கூட்டம் என்று முடிவு கூறினார்.

அடுத்த பெரிய அடி 1930-இல் அமெரிக்காவின் லிக் ஆய்வகத்தில் எடுத்து வைக்கப்பட்டது. ராபர்ட் டிரம்ப்ளர் நூறு கொத்துகளின் ஒளியைக் கொண்டு அவற்றின் தொலைவையும், அத்தொலைவைக் கொண்டு அவற்றின் விட்டத்தையும் கணித்தார். விளைவு விசித்திரமாக இருந்தது: தொலைவு கூடக் கூடக் கொத்துகளும் பெரிதாகிக்கொண்டே போயின! பூமியைச் சுற்றி மட்டும் சிறியவை அமைந்திருக்க நியாயமில்லை. ஆகவே இடைவெளியிலுள்ள தூசு ஒளியை உறிஞ்சி, கொத்துகளை உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டுகிறது என்று அவர் நிறுவினார். செறிவு, ஒளித்தரங்களின் பரவல், எண்ணிக்கை என்ற மூன்று பண்புகளால் கொத்துகளை வகைப்படுத்தும் அவரது முறை இன்றும் வழக்கில் உள்ளது. மறு ஆண்டே ஸ்வீடன் அறிஞர் பெர் கோலிண்டர் 471 கொத்துகளின் பட்டியலை வெளியிட்டார். அம்புக்கு வடக்கே அஸ்ஸூஃபி கண்ட திட்டு அதில் 399-ஆம் எண்ணைப் பெற்றது. ‘அஸ்ஸூஃபியின் கொத்து’ என்ற பெயரும் அதற்கு வழங்கலாயிற்று.

அந்தப் பெயருக்குத்தான் சோதனை வந்தது. ஐரோப்பாவின் ஹிப்பார்கஸ் விண்கலம் தந்த அளவைகளைக் கொண்டு 1998-இல் ஆராய்ந்தபோது, அவ்விண்மீன்கள் வெவ்வேறு தொலைவுகளில் வெவ்வேறு திசைகளில் செல்வது தெரியவந்தது. அது கொத்தே அன்று. நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக அமைந்த தோற்றம். பின்னர் வந்த கையா விண்கலமும் இதனை உறுதிப்படுத்தியது. 2013-இல் ஏவப்பட்டு 2025-இல் ஓய்வு பெற்ற கையாவின் அளவைகளிலிருந்து 2023-இல் தொகுக்கப்பட்ட ஒரு பட்டியலில் 7,167 கொத்துகள் உள்ளன. தொகுத்தவர்களே அவற்றுள் 4,105-ஐ மட்டும் நம்பத்தக்கவை எனப் பிரித்துள்ளனர். ஸஹீஹையும் ளயீஃபையும் பிரித்தெடுக்கும் வேலை அங்கும் நடக்கிறது.

இதை வகுப்பில் சொன்னபோது மாணவர் ஒருவர், “அப்படியானால் ஸூஃபி தவறு செய்துவிட்டாரா, ஹஜ்ரத்?” என்று வருத்தத்தோடு கேட்டார். இல்லை என்றேன். மேகம் போல் தெரிகிறது என்று அவர் எழுதினார். இன்றும் வெறுங்கண்ணுக்கு அது அப்படியே தெரிகிறது. கூட்டம் என்று பெயரிட்டது பின்வந்தோரின் அனுமானம். தபரானைப் பாருங்கள் என்றும் சொன்னேன். அது நிற்கும் கொத்து 153 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. தபரான் விண்மீனோ ஏறத்தாழ 65 ஒளியாண்டில் நமக்கு முன்னால் நிற்கிறது. ‘பின்தொடர்வது’ என்று பொருள்படும் அப்பெயரை அரபியர் சூட்டியது, ஸுரய்யாவைத் தொடர்ந்து அது உதிப்பதைக் கண்டு. கண்டதைச் சொன்ன அப்பெயருக்கு எந்த விண்கலத்தாலும் பழுது வரவில்லை.

தென்வானில் அவர் பதிந்த மற்றொன்று எல்லாச் சோதனைகளையும் கடந்து நிற்கிறது. பிரெஞ்சு வானியலார் லக்காய் பதினெட்டாம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து அதனை மீண்டும் கண்டார். இன்று ஐ.சி. 2391 எனப்படும் அது ஏறத்தாழ 500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மெய்யான திறந்த கொத்து. அஸ்ஸூஃபியின் காலத்தில் ஷீராஸில் அது தென் தொடுவானுக்கு மேல் பத்துப் பாகையளவே உயர்ந்திருக்கும். தென் தமிழகத்தில் அது அதைவிட இரு மடங்குக்கு மேல் உயர்கிறது. மார்ச் மாதத்தின் நடுவில், இஷாத் தொழுகைக்குப் பின் ஒன்பது மணியளவில், நிலவில்லாத இரவில் நேர் தெற்கே நோக்கினால் அந்த மங்கலான திட்டைக் காணலாம்.