விரல்கள் தேய்வது ஏன்?

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்று பார்த்தவர்கள், அதில் ஒற்றைக் காலில் நின்று தவம் புரியும் ஒருவனை மறந்திருக்க மாட்டார்கள். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்கும் அவனுடைய உடல் மெலிந்து, விலா எலும்புகள் எண்ணத்தக்க வகையில் புடைத்துத் தோன்றுகின்றன. பல்லவர் காலத்துச் சிற்பி மனித உடலின் என்புக் கட்டினைக் கூர்ந்து நோக்கியவன் என்பதற்கு அந்த உருவமே சான்று. அங்கிருந்து மேற்கே, திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் சாலை நம்மைச் செங்கற்பட்டில் கொண்டு சேர்க்கும். செங்கற்பட்டை அடுத்த திருமணி என்னும் சிற்றூரில், மனிதனின் எலும்பைப் பற்றிய மற்றோர் உண்மை வெளிப்படத் தொடங்கியது. அதன் வரலாற்றையே இங்குக் கூற விரும்புகிறேன்.

திருமணியில் 1924ஆம் ஆண்டு தொழுநோயாளருக்கென லேடி வெலிங்டன் மருத்துவ நிலையம் நிறுவப்பெற்றது. தொழுநோய் என்றதும் நம் மக்கள் மனத்தில் எழுந்த காட்சி யாது? மடங்கிய விரல்கள், குறைந்துபோன விரல்கள், புண்பட்ட பாதங்கள். நோய் முற்றினால் சதை அழுகி விரல்கள் தாமே உதிர்ந்துவிடும் என்று யாவரும் நம்பினர். பாமரர் மட்டுமல்லர், மருத்துவரிற் பலரும் அவ்வாறே எண்ணினர். அந்த நம்பிக்கையின் விளைவு கொடியது. உதிரப் போகும் விரலுக்கு மருத்துவம் எதற்கு என்று கைவிட்டனர். நோயுற்றவரை வீட்டை விட்டும் ஊரை விட்டும் விலக்கினர். 1898ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பிழைக்க வழியின்றித் திரிந்த தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்கவும் இடந்தந்தது.

இந்த நோய் இந்நாட்டுக்குப் புதிதன்று. இராசத்தான் மாநிலத்தில் பாலாத்தல் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த எலும்புக்கூடு ஒன்றில் தொழுநோயின் அடையாளங்கள் உள்ளன என்று 2009ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். அது ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. மூக்கின் அடியில் உள்ள எலும்பு முனை தேய்ந்திருத்தல், மேல்தாடையில் முன்பற்களைத் தாங்கும் பகுதி கரைந்திருத்தல் ஆகியவை இந்நோய் எலும்பில் எழுதிச் செல்லும் எழுத்துக்கள். நோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஆயினும் கிருமியைக் கண்டபின்னும், விரல் தேய்வதன் காரணம் பல்லாண்டுகள் விளங்காமலே இருந்தது.

1947ஆம் ஆண்டில், தோல் மருத்துவ வல்லுநரான ராபர்ட் காக்ரேன், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர் ஒருவரைத் திருமணிக்கு அழைத்து வந்தார். அவர் பெயர் பால் பிராண்டு. 1914ஆம் ஆண்டில் நம் கொல்லிமலையில் பிறந்தவர். இலண்டனில் பயின்று எலும்பு அறுவை மருத்துவராகத் திரும்பியவர். அவர் அங்கே கண்ட கைகள் பருந்தின் நகம்போல் வளைந்து கிடந்தன. இவை ஏன் இவ்வாறாகின்றன என்று காக்ரேனை வினவினார். அது தோல் மருத்துவரின் துறையன்று, எலும்பை அறிந்தவர்தாம் கூற வேண்டும் என்பது காக்ரேனின் விடை. அதுகாறும் எலும்பு மருத்துவர் எவரும் அதில் கருத்துச் செலுத்தவில்லை என்றும் அவர் எடுத்துரைத்தார்.

பிராண்டு ஒரு நோயாளியின் வளைந்த கையில் தம் கையை வைத்து, இறுகப் பற்றுமாறு கூறினார். செயலற்ற கையென்று அவர் எண்ணியிருந்தார். ஆனால் அந்தப் பிடியோ வலி தாளாது அவரைத் துடிக்கச் செய்தது! தம் பிடி பிறர்க்கு நோவு தருவதை நோயாளி உணரவில்லை. அந்த ஒரு கணத்தில் இரண்டு உண்மைகள் விளங்கின. கையை மூடும் தசைகள் வலிமையோடு இருக்கின்றன. உணர்ச்சி மட்டும் இல்லை.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றை இயக்கும் தசைகளிற் பெரியவை முன்கையில் அமைந்தவை. நுண்ணியவை உள்ளங்கையில் அமைந்தவை. தொழுநோய்க் கிருமி, உடலில் வெப்பம் குறைந்த இடங்களை நாடுவது. ஆதலால் முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அருகே தோலை ஒட்டிச் செல்லும் நரம்புகளைத் தாக்குகிறது. உள்ளங்கைத் தசைகள் செயலிழந்து விரல்கள் வளைகின்றன, உணர்ச்சியும் மறைகிறது. முன்கைத் தசைகளிற் பெரும்பாலானவை நலமாகவே இருக்கின்றன. அவ்வாறு நலமாயுள்ள தசையொன்றின் நாணைப் பிரித்து விரல்களோடு பிணைக்கும் அறுவையை 1948ஆம் ஆண்டில் பிராண்டு வேலூரில் தொடங்கினார். மூடிக் கிடந்த கைகள் விரிந்தன.

விரல் தேய்வதன் காரணமும் மெல்லப் புலப்பட்டது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் பிராண்டு நின்றபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் வந்து சாவியை எளிதில் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனோ அதனை அறியவே இல்லை. சுடுகலத்தைப் பற்றுவதாலும், கருவியை அளவுக்கு மீறி அழுத்துவதாலும் அன்றாடம் காயங்கள் உண்டாயின. காயம் சீழ்ப்பிடித்து எலும்பைச் சிறிது சிறிதாக அரித்தது. இரவில் உறங்கும்போது விரல்களை எலிகள் கடித்ததும் உண்டு. அதன்பின், சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர்க்குப் பூனை ஒன்றையும் உடன் கொடுத்து அனுப்பினர். மாமல்லபுரத்துப் பாறையில் எலிகள் சூழப் பொய்த்தவம் செய்யும் பூனையை நாம் அறிவோம். இந்தப் பூனைகளோ மெய்யாகவே காவல் காத்தன!

கிருமி நேரே எலும்பைத் தாக்குவதும் உண்டு. ஆயினும் அது சிறுபான்மையே. விரல்கள் அழுகி உதிர்வதில்லை. வலி என்னும் காவலனை இழந்ததனால் காயப்பட்டுத் தேய்கின்றன. காயத்தைத் தவிர்த்தால் விரலும் நிலைக்கும். நோவைப் பழிக்கும் நமக்கு இது பெரும் பாடம்.

1955ஆம் ஆண்டில் இந்திய அரசு திருமணி நிலையத்தை ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. 1981ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகள், நோயை முற்றும் குணப்படுத்த வல்லவை. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பிராண்டு 2003ஆம் ஆண்டில் மறைந்தார். காலில் உணர்ச்சி இழந்த நீரிழிவு நோயாளரைக் காப்பதற்கும், தொழுநோயில் அவர் கற்ற அதே பாடம் பயன்பட்டு வருகிறது.

நோய் இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. உடலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றுமாயின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நரம்பு கெடுமுன் மருந்துண்டால் விரல் வளைவதற்கும் எலும்பு தேய்வதற்கும் இடமே இல்லை. மடங்கிய கையொன்றை எங்கேனும் காண நேர்ந்தால், நாம் ஒதுங்கிச் செல்ல வேண்டியதில்லை. திருமணியில் ஒருவர் அத்தகைய கையை அஞ்சாது பற்றியதனால்தான் உண்மை வெளிப்பட்டது.