வில்லுக்கேற்ற அம்பு

வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு, யானையை வீழ்த்திப் புலியைக் கடந்து, மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் உடும்பிற் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152-ஆம் பாட்டிற் கூறுகின்றார். ஓரியின் தோள்வலியைப் போற்றும் நாம், அந்த அம்பின் எடை என்ன, அதன் கோல் எத்துணை விறைப்புடையது என்றும் வினவிப் பார்க்கலாம். இவ்வினாவை அளவுகோல் கொண்டு ஆராய்ந்தவர்கள் சென்ற நூற்றாண்டின் அமெரிக்க வில்லாளர்கள் ஆவர். அங்கு வில்லால் மான் வேட்டையாடுவது பல மாநிலங்களில் சட்டம் இசைந்த வழக்கம்.

ஒரே வில்லிலிருந்து இலேசான அம்பு விரைந்து செல்லும். கனத்த அம்பு மெதுவாகவே செல்லும். ஆயினும் வில்லின் ஆற்றலை மிகுதியாக வாங்கிக்கொள்வது கனத்த அம்பே. எஞ்சும் ஆற்றல் குறைவதால் வில்லின் அதிர்வும் ஓசையும் அடங்குகின்றன. நாணோசை கேட்ட கணத்தில் உடலைத் தாழ்த்தித் துள்ளும் மானிடத்தில் இது சிறிய நன்மையன்று. அவர்கள் அம்பைக் கிரெயின் கணக்கில் நிறுக்கின்றனர். நம் பழைய தோலா 180 கிரெயின் கொண்டது. ஆகவே 500 கிரெயின் அம்பு மூன்று தோலாவுக்குச் சற்றுக் குறைவு.

விறைப்பின் கதை இதனினும் நுட்பமானது. அம்பு வில்லின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது. நாணோ நடுவை நோக்கிப் பாய்கிறது. அவ்வாறாயின் அம்பு பக்கவாட்டில் விலகாமல் குறியை எய்துவது எங்ஙனம்? 1930-களில், பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் ஹிக்மன் எடுத்த அதிவேகப் படங்கள் இதனைக் காட்டின. நாண் உந்தும்போது கோல் வளைகிறது. நெளிந்தவாறே வில்லைச் சுற்றிக் கடந்து, அதன்பின் நேராகிறது. கோல் மிக விறைத்திருந்தால் அம்பு ஒரு புறம் விலகும். மிகத் துவண்டிருந்தால் மறுபுறம் விலகும். நெளிந்துகொண்டே தைக்கும் அம்பு ஆழமாக இறங்காது. மான் புண்ணோடு ஓடிப் புதரிற் கிடந்து நாட்கணக்கில் சாகும். விறைப்பை அளப்பது விளையாட்டுக் கணக்கன்று என்பதற்கு இதுவே காரணம்.

மரக்கோலை அளக்கும் பழைய முறை எளியது. 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் கோலை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுவர். அரை அங்குலம் தாழ்ந்தால், 26-ஐ அரையால் வகுத்து, அக்கோல் 52 பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு உரியது என்பர். கோல் நீண்டாலும் முனை கனத்தாலும் அது மேலும் துவளும் என்பதையும் கருதவேண்டும்.

இவ்வளவைகள் எவையும் இன்றி மானை வீழ்த்திய ஒருவர், இக்கலையை நவீன உலகிற்குக் காட்டினார். கலிபோர்னியாவின் லாசன் மலையடிவாரத்தில் வாழ்ந்த யாஹி மக்கள் குடியேறிகளால் கொன்றழிக்கப்பட்டனர். எஞ்சிய சிலரின் மறைவிடத்தை 1908-இல் நில அளவைக் குழுவினர் கண்டு, அங்கிருந்த பொருள்களையெல்லாம் எடுத்துச் சென்றனர். 1911 ஆகஸ்டில் ஓரோவில் நகரருகே பசியோடு தனித்து வந்தவரே இஷி. தம் பெயரை அவர் எவர்க்கும் சொல்லவில்லை. ‘இஷி’ என்பது ‘மனிதன்’ எனப் பொருள்படும் யானா மொழிச் சொல். சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவர் தங்கியிருந்தபோது, அடுத்திருந்த மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரிடம் மாணவரானார்.

இஷி ஹேசல் செடியின் நேரான கிளைகளை, அடியில் ஏறக்குறைய முக்கால் விரற்கடையளவு பருமனாகத் தேர்ந்து பட்டையுரித்து, கட்டாகக் கட்டி நிழலில் உலர்த்துவார். வளைவைத் தணலிற் காட்டி நிமிர்த்துவார். கூரிய எலும்பைக் கால் விரல்களுக்கிடையே நிறுத்தி, கோலை அதன்மேல் உருட்டித் துளையிடுவார். அத்துளையில் அதனினும் கனத்த மரத்தாலான ஆறங்குல முன்கோலைச் செருகித் தசைநாரால் இறுக்குவார். கனத்தை முன்னே வைக்கும் இவ்வமைப்பு, ஏறத்தாழ 40 பவுண்டு இழுவிசையே கொண்ட அவரது வில்லுக்குப் பொருந்தியது. முனை, எரிமலைக் கண்ணாடிக் கல். தோல் போர்த்து ஈரல் நிறைத்த பெட்டியில் போப் எய்து பார்த்தபோது எஃகு முனை 22 அங்குலமும், கல் முனை 30 அங்குலமும் இறங்கின! கற்காலக் கருவி என்று இகழ்வோர் இக்கணக்கைக் காண்க.

வேட்டைக்கு முன்னாள் இஷி மீன் உண்ணார், புகை பிடியார். அந்த வாடையை மான் அறியும் என்பார். 1914-இல் அவர் போப்பையும் மானிடவியலறிஞர் குரோபரையும் மான் ஓடை என்னும் தம் பழைய நிலத்துக்கே அழைத்துச் சென்றார். 1916 மார்ச் 25-இல் காசநோயால் இறந்தார். போப் தாம் கற்றதை 1918-இல் யாஹி வில்வித்தை பற்றிய ஆய்வாகவும், 1923-இல் வில்வேட்டை நூலாகவும் வெளியிட்டார். எரியூட்டுமுன் இஷியின் உடலருகே நண்பர்கள் வைத்த பொருள்களுள் அவரது வில்லும் ஐந்து அம்புகளும் இருந்தன.