லோதி ரோட்டில் ஒரு சார்ஜர் வரலாறு

தில்லித் தமிழர்களிடம் லோதி ரோடு என்று சொன்னால் ஆளுக்கொரு ஞாபகம் வரும். சிலருக்கு லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடம். சிலருக்கு வியாழக்கிழமை சாயிபாபா கோவில் கூட்டம். சர்க்கார் வேலைக்கு வந்த தலைமுறைக்கு லோதி காலனி குவார்ட்டர்ஸ். எனக்கு மட்டும் இந்த ரோடு என்றால் பேட்டரி சார்ஜர்தான் :-)

காரணம் என் பிழைப்பு. கம்பெனிகளின் குடோன்களுக்குக் கையடக்கக் கம்ப்யூட்டர்களையும், அவற்றை சார்ஜ் செய்யும் டாக்குகளையும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. நீங்கள் ஆன்லைனில் வாங்கிய குக்கர் எந்த ரேக்கில் இருக்கிறது என்று பார்த்து, பார்கோடை ஸ்கேன் செய்து, பெட்டியில் போட்டு அனுப்பும் பையன் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் இருக்குமே, அதுதான். டூட்டி முடிந்ததும் அது போய் உட்காரும் இடம் டாக். தொழிலில் அதற்கு இன்னொரு பெயர் கிரேடில், அதாவது தொட்டில்.

மெஷினை வாங்க நாலு மாதம் ஆலோசனை நடக்கும். தொட்டிலை வாங்க நாலு நிமிடம். "மெஷினோடு என்ன வருதோ அதையே போட்டுடுங்க" என்பார்கள். அந்த நாலு நிமிடத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

தொட்டில் பேசிய காலம்

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டிராய் என்ற ஊரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்றை ஸ்கேன் செய்தார்கள். பார்கோடு போட்ட பொருள் கல்லாவைக் கடந்தது அதுதான் முதல் தடவை. அங்கே ஸ்கேனர் மேஜையிலேயே இருந்தது. பொருள்தான் அதனிடம் போக வேண்டும். குடோனில் அது நடக்காது. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேனரிடம் ஓட முடியுமா? ஸ்கேனர்தான் மூட்டையிடம் வர வேண்டும். வந்தது. கையோடு பேட்டரியும் வந்தது.

1986ல் ஃபெடெக்ஸ் கூரியர் கம்பெனி சூப்பர் டிராக்கர் என்ற கை ஸ்கேனரைத் தன் ஆட்களிடம் கொடுத்தது. பார்சலை ஸ்கேன் செய்து, வேனுக்குத் திரும்பி, அங்கிருந்த தொட்டிலில் மெஷினை வைத்தால் விவரம் அதன் வழியாகத் தலைமைக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். உங்கள் பார்சல் இப்போது எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி இப்படித்தான் வளர்ந்தது.

அந்தக் காலத்துக் குடோன்களிலும் இதே கதைதான். பகல் முழுக்க எண்ணிய சரக்குக் கணக்கு மெஷினுக்குள்ளேயே கிடக்கும். சாயங்காலம் தொட்டிலில் வைத்தால் சீரியல் கேபிள் வழியாகக் கணக்கு இறங்கும். அப்போது தொட்டிலுக்கு முதல் வேலை பேசுவது, சார்ஜ் செய்வது இரண்டாவது வேலை. 1990களின் கடைசியில் வைஃபை வந்ததும் (802.11 என்ற அதன் தரநிலை 1997ல் வெளியானது) மெஷின் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தது. தொட்டிலின் வாய் அடைத்துப்போயிற்று. மிச்சம் இருந்தது சோறு போடும் வேலை மட்டும்.

ஆனால் அந்தச் சோறும் மாறியிருந்தது. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. பாதி இறங்கியதைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் அந்தப் பாதியையே தன் முழு அளவாக நினைத்துக்கொள்ளும். அதனால் முழுக்க இறக்கிவிட்டு ஏற்றும் சார்ஜர்கள் இருந்தன. 1991ல் சோனி லித்தியம் அயனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இந்தக் குணம் கிடையாது. வேறு ஒன்று உண்டு: சூட்டைத் தாங்காது. தொட்டிலின் பொறுப்பு இங்கே மாறுகிறது. வெறுமனே கரண்ட் கொடுத்தால் போதாது, எப்போது கொடுக்கக் கூடாது என்றும் அதற்குத் தெரிய வேண்டும்.

லோதி ரோடு கதைக்குள் வருவது இங்கேதான். இந்த ரோட்டை ஒட்டிய மூன்று கட்டிடங்களைச் சொல்கிறேன்.

முதல் கட்டிடம்: எலக்ட்ரானிக்ஸ் நிகேதன்

ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் சிஜிஓ காம்ப்ளெக்ஸ். அதற்குள் எலக்ட்ரானிக்ஸ் நிகேதன். 1970ல் எலக்ட்ரானிக்ஸ் துறையாகத் தொடங்கி, பல தடவை பெயர் மாறி, 2016ல் தனி அமைச்சகமான மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் அலுவலகம்.

2007 ஆகஸ்ட் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி சார்ஜ் ஆகும்போது சூடாகலாம் என்று கம்பெனியே எச்சரித்தது. மட்சுஷிட்டா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். ஊரில் போன் பண்ணிய அம்மாக்கள் எல்லாம் "பேட்டரி வெடிக்குமாமே" என்று கேட்ட காலம். சார்ஜருக்கும் பேட்டரிக்கும் கண்காணிப்பு வேண்டும் என்பது அப்போது சாதாரண ஜனங்களுக்கே புரிந்தது.

2012 அக்டோபரில் இந்தத் துறை ஒரு ஆணை போட்டது. 15 வகை எலக்ட்ரானிக்ஸ் பொருட்களை, சோதனை செய்து பிஐஎஸ் பதிவு எண் வாங்காமல் இந்தியாவில் விற்கக் கூடாது. கம்ப்யூட்டர்களுக்கான அடாப்டர் அந்தப் பட்டியலில் இல்லை. 2014 நவம்பரில் மேலும் 15 வகைகள் சேர்ந்தன. அடாப்டர், மொபைல் போன், பவர் பேங்க், கையடக்கச் சாதனங்களின் பேட்டரி எல்லாம் அதில் வந்தன. ஐஎஸ் 13252, ஐஎஸ் 16046 என்ற எண்கள் என் போன்றவர்களுக்கு மந்திரம் மாதிரி மனப்பாடம்.

இதனால் என்ன ஆயிற்று? அதற்கு முன்னால் வெளிநாட்டு டாக்கோடு எந்த அடாப்டர் வந்தாலும் கேள்வி இல்லை. இப்போது அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 'ஆர்' என்று ஆரம்பிக்கும் பதிவு எண் இருக்க வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கும் "அதே மாதிரி" பேட்டரியில் அந்த எண் இருக்காது, இல்லையென்றால் யாருடைய எண்ணோ இருக்கும். இரவு முழுக்க ஆள் இல்லாத குடோனில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நூறு பேட்டரிகள் சார்ஜ் ஆவதை யோசித்துப் பாருங்கள். அந்தச் சின்ன எண் எதற்கு என்று புரியும்.

இரண்டாவது கட்டிடம்: மௌசம் பவன்

அதே லோதி ரோட்டில் வானிலைத் துறையின் தலைமையகம். 1875ல் தொடங்கிய துறை, 1944ல் புனேயிலிருந்து தில்லிக்குத் தலைமையகத்தை மாற்றியது. செய்தியில் சஃப்தர்ஜங், பாலம், லோதி ரோடு என்று வெப்பநிலையைத் தனித்தனியாகச் சொல்வார்களே, அந்த லோதி ரோடு இதுதான்.

மே, ஜூன் அனல் காற்றில் தில்லி 45 டிகிரியைத் தொடுவது புதிதில்லை. பெரும்பாலான லித்தியம் அயன் பேட்டரிகளை 40 முதல் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரிக்குள் சூட்டை அளக்க ஒரு சின்ன உணரி உண்டு. அது சொல்வதைக் கேட்டு நல்ல டாக் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். மட்டமான டாக் நிறுத்தாது, பேட்டரி உப்பும்.

பெயர் சொல்லாமல் ஒரு அனுபவம். தில்லிக்கு வெளியே ஒரு குடோன். திருட்டுப் போகக் கூடாது என்று டாக்குகளை மேல் தளத்தில், தகரக் கூரைக்கு நேர் கீழே பூட்டி வைத்திருந்தார்கள். மே மாதம் மதிய ஷிஃப்டுக்கு வரும் பையன்களுக்குப் பாதி சார்ஜ் ஏறிய மெஷின்தான் கிடைத்தது. மணிக்கு இத்தனை பொருள் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. மெஷின் நடுவில் அணைந்தால் கீழே இறங்கி மாற்ற வேண்டும், கணக்கு குறையும். கம்ப்யூட்டர் அறிக்கையில் பேட்டரியின் பெயர் வராது, பையனின் பெயர்தான் வரும். "மதிய ஷிஃப்ட் பசங்க சோம்பேறிங்க" என்றார் சூப்பர்வைசர். ஒப்பந்தத் தொழிலாளிகள், எதிர்த்துப் பேச முடியாது. இரண்டு பேரை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். டாக்குகளைத் தரைத் தளத்தில் மின்விசிறிக்குப் பக்கத்தில் மாற்றினோம். செலவு கொஞ்சம் ஒயரும் ஒரு எலக்ட்ரீஷியனின் அரை நாள் கூலியும். அந்த வாரமே கணக்கு சரியாயிற்று. போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

மூன்றாவது கட்டிடம்: பழைய பர்யாவரண் பவன்

சுற்றுச்சூழல் அமைச்சகம் சிஜிஓ காம்ப்ளெக்ஸில்தான் இருந்தது. 2014ல் பக்கத்திலேயே ஜோர் பாக்கில் புதுக் கட்டிடத்துக்குப் போனது. 2001ல் அது கொண்டுவந்த பேட்டரி விதிகள் லெட் ஆசிட் பேட்டரிக்கு மட்டும்தான், அதாவது கார், இன்வெர்ட்டர் வகையறா. 2011ல் மின்னணுக் கழிவு விதிகள் வந்தன, 2012 மே 1 முதல் அமல். லித்தியம் உட்பட எல்லா வகை பேட்டரிகளையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். விற்றவரே பழையதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்பது அதன் சாரம்.

இது ஏன் டாக் வாங்குபவருக்கு முக்கியம்? ஏனென்றால் டாக்குகள் கூட்டம் கூட்டமாகத்தான் சாகும். 2007ல் சிம்பல் கம்பெனியை மோட்டரோலா வாங்கியது, 2014ல் அந்தத் தொழிலை ஜீப்ரா வாங்கியது. இன்டர்மெக் 2013ல் ஹனிவெல்லிடம் போனது. ஒவ்வொருவருக்கும் ஒரு முள் அமைப்பு, ஒன்றில் மற்றது உட்காராது. கையடக்க விண்டோஸ் 6.5க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. ஆண்ட்ராய்டு மெஷின்களுக்கு மாறிய குடோன்களில் நல்ல நிலையில் இருந்த தொட்டில்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. ஐரோப்பா 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட் போன்றவற்றுக்கு யுஎஸ்பி டைப்-சி கட்டாயம் என்றது. குடோன் மெஷின்களிலும் டைப்-சி துளை வந்துவிட்டது. ஆனால் நாள் முழுக்க எடுத்து வைக்கும் இடத்தில் கேபிளைச் செருகிச் செருகித் துளையே தேய்ந்துவிடும். அதனால் அடிப்பக்கத்து முள் தொடர்பு இன்னும் போகவில்லை.

அப்படியானால் எதை வாங்குவது?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலத்துக்கொரு சின்ன குடோன் என்ற கணக்கு மாறி, பெரிய குடோன்கள் எழுந்தன. நம் ஒரகடம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில் மெஷின் ஓய்வெடுக்காது. ஷிஃப்டுக்கு 40 பேர், 40 மெஷின் என்றால் தொட்டில் வாங்கிப் பயனில்லை, மெஷின் அதில் உட்காரவே நேரம் இருக்காது. 80 பேட்டரியும், நாலு பேட்டரி போடும் சார்ஜர் 10ம் வாங்க வேண்டும். ஒரே ஷிஃப்ட் என்றால் எதிர்மாறு: உபரி பேட்டரி வீண், இரவில் மெஷினோடு வைக்கும் தொட்டில் போதும்.

என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் கேட்பது நாலு கேள்வி. மெஷின் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சும்மா இருக்கும்? டாக் வைக்கும் இடத்தில் ஜூன் மாதம் மதியம் 3 மணிக்கு எத்தனை டிகிரி? அடாப்டரிலும் பேட்டரியிலும் பதிவு எண் இருக்கிறதா? ஐந்து வருஷம் கழித்துப் பழையதை யார் எடுத்துக்கொண்டு போவார் என்று எழுதி வாங்கினீர்களா? இதற்குப் பதில் இருந்தால் எந்த பிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

நம் வீட்டுக்கும் இதில் விஷயம் உண்டு. கடைசி இரண்டு கேள்விகள் உங்கள் போன் சார்ஜருக்கும் அப்படியே பொருந்தும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மா கட்டில் பக்கத்தில் எந்த அடாப்டர் தொங்குகிறது என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். எண் இல்லாவிட்டால் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.