மருதானைப் புகையிரத நிலையம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கையின் புகையிரத வரலாறு பற்றிப் பேசுமிடத்துப் பாதையின் நீளம், பொறியியலாளரின் திறமை, ஏற்றுமதிப் பண்டங்களின் அளவு என்பனவே பெரிதும் கவனத்தைப் பெற்றுவந்துள்ளன. நாள்தோறும் அப்பாதையிற் பயணஞ் செய்தோரும், உடலுழைப்பினால் அதனை இயக்கியோரும் அவ்வரலாற்றிற் சிறிய இடத்தையே பெறுகின்றனர். கொழும்பின் புறநகர்ப் போக்குவரத்தின் மையங்களுள் ஒன்றாகிய மருதானை நிலையத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வர்க்கத்தின் தேவைக்காக அமைந்த பாதை பிற வர்க்கங்களின் பாதையாகவும் மாறியவாற்றை இங்கு நோக்குவோம்.

கண்டிப் பிரதேசத்துக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டுவருதலே புகையிரதத்தின் முதல் நோக்கமாகும். மாட்டு வண்டிப் போக்குவரத்தின் தாமதமும் செலவும் தோட்ட முதலாளிகளை உறுத்தின. அவர்தம் முயற்சியால் 1845 இல் இலங்கைப் புகையிரதக் கம்பனி தோன்றிற்று. 1858 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் வேலையைத் தொடக்கிவைத்தார். கம்பனியால் அதனை நிறைவேற்ற இயலாதுபோகவே அரசாங்கம் பொறுப்பேற்றது. 1864 டிசம்பர் 27 ஆம் நாள் அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. 1865 இல் ஒழுங்கான சேவை ஆரம்பமாயிற்று. 1867 இற் பாதை கண்டியை அடைந்தது. அன்றைய கொழும்பு இறுதி நிலையம் இன்றைய மருதானை நிலையத்துக்கு அணித்தாகவே அமைந்திருந்தது. மலைப்பகுதிப் பாதை அமைப்பதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலரின் உழைப்பும் உயிரும் செலவாயின என்பதை நாம் மறத்தலாகாது.

1869 இல் இலைநோய் பரவத் தொடங்கிக் கோப்பிப் பயிர்ச்செய்கை சிதைந்தபோதும் பாதை பயனற்றுப் போகவில்லை. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அதே காலத்திற் பாதைகளும் பல்கின. கரையோரப் பாதை 1877 இற் பாணந்துறையையும், 1894 இற் காலியையும், 1895 இல் மாத்தறையையும் எட்டியது. மருதானையிற் பிரிந்து செல்லும் களனிவெளிக் குறும்பாதை 1902 இல் அவிசாவளையை அடைந்தது. தோட்டப் பொருளுக்காக எழுந்த இக்களனிவெளிப் பாதையே நுகேகொடை, மகரகம, ஹோமாகம ஆகிய ஊர்களைத் தலைநகரோடு இணைத்தது. பாதைகள் பெருகவே பழைய இறுதி நிலையம் போதாதாயிற்று. 1908 இல் மருதானை நிலையமும், 1917 இற் கோட்டை நிலையமும் எழுந்தன.

இம்மாற்றத்தின் சமூக உட்பொருள் யாது? குடியிருக்கும் இடமும் தொழில் புரியும் இடமும் வெவ்வேறாகப் பிரிந்த ஒரு நகர வாழ்க்கை உருவாயிற்று. கந்தோர் எழுதுவினைஞர், கடைச் சிப்பந்தி, ஆசிரியர், மாணவர் என்போர் பருவகாலச் சீட்டோடு நாள்தோறும் பயணஞ் செய்தனர். நிலையத்தைச் சூழ்ந்த பகுதியும் கல்வி, கலை நிலையங்களின் இடமாயிற்று. ஆனந்தாக் கல்லூரியும் ஸாஹிறாக் கல்லூரியும் அங்கு வளர்ந்தன. 1893 இல் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பட்டது. 1911 இல் எழுந்த டவர் மண்டபம் சிங்கள நாடகத்துக்குப் புதிய நகர்ப்புற இரசிகரைத் தேடித் தந்தது.

மறுபுறம், பெருந்தொகையான கூலியுழைப்பாளர் ஒரே நிர்வாகத்தின்கீழ் ஒன்றுதிரண்ட துறையாகவும் புகையிரதம் விளங்கிற்று. 1912 இல் நிகழ்ந்த புகையிரதத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் முக்கிய கட்டமாகும். 1923 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடைபெற்ற கொழும்புப் பொது வேலைநிறுத்தத்திலும் அவர்கள் முன்னின்றனர். ஆயினும் இவ்வொற்றுமையை மிகைப்படுத்தல் தகாது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அதே குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கெதிரான இனவாதப் பிரசாரத்தில் இறங்கினார். தொழிலின்மை பெருகியவிடத்து வர்க்க உணர்வு தானாகவே நிலைத்துவிடுவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வடபகுதித் தமிழரின் வரலாற்றிலும் இப்பாதைக்கு இடமுண்டு. 1905 இல் யாழ்ப்பாணமும் கொழும்பும் புகையிரதத்தால் நேரடியாக இணைந்தன. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் அரசாங்க உத்தியோகம் நாடிவர அது வழிசெய்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. அதே ஆண்டிலேயே அரசகரும மொழிச் சட்டமும் நிறைவேறிற்று. பயண நேரம் சுருங்கிய ஆண்டிலேயே, அப்பயணத்தின் நோக்கமாயிருந்த உத்தியோக வாய்ப்பும் சுருங்கத் தொடங்கியது. 1990 இற் போர் காரணமாக நின்ற யாழ்ப்பாணச் சேவை 2014 இலேதான் மீண்டது. போக்குவரத்து வசதி மட்டும் ஒரு நாட்டின் மக்களை ஒன்றிணைத்துவிடும் என்ற கருத்தை இவ்வனுபவம் மறுதலிக்கின்றது.

இன்றும் பிரதான பாதை, கரையோரப் பாதை, புத்தளப் பாதை, களனிவெளிப் பாதை ஆகியவற்றின் வண்டிகள் மருதானையைத் தொட்டுச் செல்கின்றன. களனிவெளிப் பாதை 1990களில் அகலப் பாதையாக்கப்பட்டது. எனினும் புறநகர்ப் பாதைகள் இன்னும் மின்மயமாகவில்லை. காலையிலும் மாலையிலும் மிதிபலகையில் தொங்கியவாறே பலர் பயணஞ் செய்கின்றனர். இச்சேவையை இலாப நட்டக் கணக்கொன்றினால் மட்டும் அளவிடுவோர், குறைந்த வருமானமுடையோர் தலைநகரில் வாடகை செலுத்தாது தொழில் புரிய வழிசெய்வது இதுவே என்பதைக் கருத்திற் கொள்வதில்லை. அவ்வுழைப்பினாற் பயனடையும் கந்தோர்களும் தொழிற்சாலைகளும் அக்கணக்கில் இடம்பெறுவதுமில்லை. எனவே, பருவகாலச் சீட்டுப் பதிவுகள், தொழிற்சங்க ஆவணங்கள், முதிய ஊழியரின் வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டி, ஒவ்வொரு நிலையத்தின் வரலாற்றையும் அதனைப் பயன்படுத்திய மக்களின் நிலைநின்று எழுதுதல் நம்முன் உள்ள பணியாகும்.