இல்லாத நடு

நம் விமர்சனத்தில் 'மையம்', 'விளிம்பு' என்கிற சொற்கள் அடிபட்டு நைந்துபோய்விட்டன. நானும் அடித்தவன்தான். நண்பரொருவர் கணினியில் பாட்டுக்கு ஒலிக்கலவை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் இச்சொற்களுக்குப் பருண்மையான வரலாறொன்றும் உண்டென்று பட்டது.

திரையில் ஒரு சின்னத் திருகு. பெயர் 'பேன்'. இடப்பக்கம் திருப்பினால் இடது ஒலிபெருக்கியில் குரல் ஏறும், வலதில் இறங்கும். நடுவில் நிறுத்தினால் பாடகி இரண்டு பெட்டிகளுக்கும் மத்தியில் நின்று பாடுகிறார். அங்கே பெட்டியே கிடையாது! இரு ஓரங்களும் சமமாக ஒலிப்பதால் காது கற்பித்துக்கொள்ளும் இடம் அது. இரண்டிலும் முழு அளவு விட்டால் நடு மட்டும் ஓங்கிவிடும் என்பதால், பல மென்பொருள்கள் அங்கே ஒவ்வொரு பக்கத்தையும் 3 டெசிபல், அதாவது ஆற்றலில் பாதி, குறைத்துவிடுகின்றன.

1931இல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கோரினார். 1940இல் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா', திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என ஒலிபெருக்கிகள் வைத்து ஒலியை நகர்த்தியது. நகர்த்திய கருவிக்கு அதன் பொறியாளர்கள் இட்ட பெயர் 'பேன்பாட்'. அங்கே நடு நிஜம். 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்தபோது வீட்டுக்கு வந்தவை இரண்டு பெட்டிகள்தான். தொலைந்த நடு பிரமையாகத் திரும்பியது.

நாற்காலியை ஓர் அடி நகர்த்திப் பார்த்தேன். பாடகி பக்கத்துப் பெட்டிக்குள் போய்விட்டார். ஆக, சரியான நாற்காலி கிடைத்தவனுக்கே மையம் வாய்க்கிறது. கதவோரம் நின்று கேட்கிறவருக்கு? மையத்தைப் பற்றி இத்தனை காலம் எழுதினேனே, எந்த நாற்காலியிலிருந்து என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.