காற்கூறும் முக்காற்கூறும்: நன்னூல் பொதுப்பாயிரத்தில் ஆசிரியரும் கற்போர் உறவும்

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவரை ஆசிரியருக்கு அடங்கி நடக்கப் பழக்கும் ஒரு பணிவு இலக்கணம் என்பது கல்வி வரலாற்று எழுத்துகளில் ஏறத்தாழ முடிந்த முடிபாகவே வழங்கிவருகிறது. இக்கருத்தினர் தொடர்ந்து சுட்டுவன மூன்று நூற்பாக்கள்: பாடம் கேட்பவன் ஓவியப் பாவைபோல் அடங்கியிருக்க வேண்டும் என்னும் 40ஆம் நூற்பா, நூல் பெறத் தக்கவர் வரிசையில் அரசன் மகனையும் மிகுபொருள் கொடுப்போனையும் வைக்கும் 37ஆம் நூற்பா, குளிர்காய்பவன் நெருப்பிடம் நடந்துகொள்வதுபோல் ஆசிரியரிடம் நடந்துகொள்ளச் சொல்லும் 46ஆம் நூற்பா. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அதிகாரமும் அச்சமும் மட்டுமே தெரியும். நூலில் அவை அடுத்தடுத்து இல்லை. 40க்கும் 46க்கும் இடையில் உள்ள ஐந்து நூற்பாக்களை இந்த வாசிப்பு தாண்டிப் போய்விடுகிறது. அவற்றுள்ளும் 44, 45 ஆகிய இரண்டும் பொதுப்பாயிரத்தின் கல்விக் கொள்கைக்கு அச்சாணி என்பதும், அவற்றின்படி ஆசிரியரின் முதன்மைப் பணி கற்போருக்கிடையே உறவைக் கட்டி எழுப்புவதே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பொதுப்பாயிரத்து நூற்பாக்களில் பல, நன்னூல் ஆசிரியரான பவணந்தி முனிவருக்கு முன்பே வழங்கிய பழைய பாயிர மரபைச் சேர்ந்தவை என்ற கருத்து உண்டு. அந்த விவாதத்துக்குள் இங்கே நுழையவில்லை. யார் யாத்தவை ஆயினும், மயிலைநாதர் முதல் சங்கர நமச்சிவாயர், சிவஞான முனிவர் வரையிலான உரைமரபு இவற்றை ஒரு தொடராகவே ஏற்று உரை கண்டிருக்கிறது. அந்த வைப்புமுறையே என் சான்று.

கணக்கு

44ஆம் நூற்பாவின் பொருள் எளியது. ஆசிரியர் உரைத்ததை மாணவர் முழுமையாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும், அவருக்குக் கிடைத்தது புலமையில் கால் பங்குதான். 45ஆம் நூற்பா எஞ்சியதைப் பகிர்கிறது. உடன் கற்பவரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு வரும். பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் மீதி அரைப் பங்கும் நிரம்பி, புலமை குறைவற்றதாகும்.

இந்தக் கணக்கைப் பலரும் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ‘படித்ததைத் திரும்பத் திரும்பப் பயில வேண்டும்’ என்னும் பொது அறிவுரையாக அதைச் சுருக்கிவிட்டு மேலே போய்விடுவதே வழக்கம். அந்தச் சுருக்கம் எதை இழக்கிறது என்பது ஓர் ஒப்பீட்டில் தெளிவாகும். வடமொழியில் பரவலாக வழங்கும் தனிச்செய்யுள் ஒன்றும் கல்வியை நான்கு கால்களாகப் பகிர்கிறது. அங்கே ஒரு கால் ஆசிரியரிடமிருந்தும், ஒரு கால் மாணவரின் சொந்த மதியாலும், ஒரு கால் உடன் கற்பவரிடமிருந்தும், ஒரு கால் காலப்போக்கிலும் வருகிறது. ஆசிரியருக்கும் உடன்கற்போருக்கும் உரிய பங்கு இரண்டு மரபிலும் ஒன்றே. வேறுபாடு மீதி அரைப் பங்கில் இருக்கிறது. வடமொழிச் செய்யுள் அதைத் தனிமனிதரின் அறிவுக்கும் காலத்துக்கும் தருகிறது. நன்னூல் அந்த அரையை அப்படியே பிறருக்கு எடுத்துரைக்கும் செயலுக்குத் தந்துவிடுகிறது.

இதன் விளைவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நன்னூலின் கணக்கில் தனித்திருந்து பெறும் பங்கு என ஒன்று இடம்பெறவே இல்லை. நான்கு கால்களும் மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் நிகழ்பவை: ஒன்று ஆசிரியரோடு, ஒன்று தோழரோடு, இரண்டு கேட்போரோடு. கேட்டதை நினைத்துப் பார்த்தல் என்னும் தனிமுயற்சியை 41ஆம் நூற்பா சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பங்கு பிரிக்கும் இடத்தில் அதற்குத் தனிக்கூறு ஒதுக்கப்படவில்லை. இந்த விடுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். இரு மரபுகளுள் எது எதிலிருந்து பெற்றது என்பதையும் நான் முடிவு செய்யவில்லை. எனினும், ஏனைய இரு பங்குகளில் இவ்வளவு நெருங்கி நிற்கும் இரண்டு கணக்குகள் இந்த ஓர் இடத்தில் மட்டும் பிரியும்போது, அதைத் தற்செயல் என்று ஒதுக்குவதைவிடக் கொள்கை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

யாருக்கு உரைப்பது?

வாதத்தின் கடினமான இடம் அந்த அரைப் பங்கு. யாருக்கு உரைப்பது என்பதை நூற்பா வெளிப்படையாகச் சொல்லவில்லை. தன் மாணாக்கருக்கும் அவையோருக்கும் விரித்துரைத்தல் என்ற பொருளே உரைமரபில் வழங்குகிறது. இதை வைத்து ஒரு மறுப்பு எழலாம்: உரைப்பவர் ஏற்கெனவே கற்று முடித்து ஆசிரியரானவர், ஆகவே அந்த அரைப் பங்கு பள்ளிக்கு வெளியே, பிற்காலத்தில் நிகழ்வது, கற்போர் குழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உரைமரபை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்போது கிடைப்பது மறுப்பாளர் எதிர்பாராத முடிவு. மாணாக்கருக்கு உரைப்பதால்தான் புலமையின் பின்பாதி நிரம்பும் என்றால், முதல் நாள் வகுப்புக்கு வரும் ஆசிரியர் அரைப் புலமையோடுதான் வருகிறார். மீதியை அவருக்குத் தருபவர்கள் எதிரே இருக்கும் மாணவர்கள். ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போவது கால் என்றால், மாணவரை முன்னிட்டு ஆசிரியருக்கு வருவது அதைப்போல் இருமடங்கு. ஆசிரியர் முழுமையின் உருவம், மாணவர் வெறும் கொள்கலம் என்னும் படம் இங்கே நிற்காது. இருவரில் அதிகம் கடன்பட்டவர் ஆசிரியர் என்றுகூட நூற்பாவின் கணக்கு சொல்லும்.

உரைப்பதைக் கல்விக் காலத்துக்குள்ளேயே, மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதாகக் கொள்வது இரண்டாவது வாசிப்பு. இதற்கு 41ஆம் நூற்பா இடம் தருகிறது. அது நூல் பயிலும் முறையை ஏழு செயல்களாக வரிசைப்படுத்துகிறது: வழக்கறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதை நினைத்தல், ஆசிரியரை அடுத்து மீண்டும் கேட்டல், ஒத்த தகுதியுடையாரோடு பயிலுதல், வினவுதல், வினவியவற்றுக்கு விடை தருதல். கடைசி இரண்டும் தோழரோடு பயில்வதற்குப் பின் வைக்கப்பட்டுள்ளன. கேள்வியும் விடையும் தோழர்களுக்கிடையே நடப்பவை என்று கொள்வதே இவ்வரிசைக்கு இயல்பு. இதற்கு முந்திய 40ஆம் நூற்பாவில் ஓவியம்போல் அடங்கியிருந்த அதே மாணவர், அடுத்த நூற்பாவிலேயே கேட்பவராகவும் விடை சொல்பவராகவும் மாறிவிடுகிறார். முன்னது பாடம் நடக்கும் வேளைக்குரிய ஒழுங்கு. பின்னது பாடம் முடிந்தபின் தொடங்கும் கல்வி. முன்னதை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு ‘நன்னூல் மாணவர் பேசக் கூடாதவர்’ என்று எழுதுவது நூலுக்குச் செய்யும் அநீதி.

நெருப்பும் எல்லையும்

இனி 46ஆம் நூற்பா. பணிவு வாசிப்பின் வலுவான ஆதாரம் இதுதான். நெருப்பில் குளிர்காய்வார் உவமையைத் திருக்குறள் மன்னரைச் சார்ந்து ஒழுகுவோருக்குச் சொல்கிறது. ஆகவே மாணவர் அரசவை ஊழியரின் இடத்தில் வைக்கப்படுகிறார் என்பது அவர்கள் வாதம். உவமை ஒன்றே என்பதில் ஐயமில்லை. ஆனால் நன்னூல் நெருப்போடு நிற்கவில்லை. உடனடியாக நிழலைச் சொல்கிறது. நிறைந்த நெஞ்சத்தைச் சொல்கிறது. இறுதியில் ஆசிரியர் எதனால் மகிழ்வாரோ அதைச் செய்க என்று சொல்லும்போது, அறத்திலிருந்து பிறழாமல் செய்க என்று வரம்பும் கட்டுகிறது. ஆசிரியரின் மகிழ்ச்சிக்கும் மேலே அறம் வைக்கப்பட்டிருக்கிறது. வழிபாட்டுக்கு எல்லை வகுக்கும் நூற்பாவை எல்லையற்ற பணிவுக்குச் சான்றாக்குவது எப்படிப் பொருந்தும்?

வைப்புமுறையும் கவனத்துக்குரியது. ஆசிரியரின் பங்கு கால் என்று சொன்ன பிறகே, ஆசிரியரிடம் எவ்வளவு நெருங்குவது, எவ்வளவு விலகுவது என்ற பேச்சு வருகிறது. மிக நெருங்கி அவரையே பற்றிக்கொண்டிருப்பவருக்குத் தோழரோடு பயில நேரம் இராது. இது என் ஊகம்தான். தொடரின் போக்கு இதற்கு இடம் தருகிறது.

ஆசிரியரின் பணி

தோழர் பயிற்சியும் எடுத்துரைப்பும் தாமாக நிகழ்ந்துவிடுமா, அவற்றில் ஆசிரியருக்கு வேலை உண்டா என்று கேட்கலாம். 44, 45 இதற்கு நேர்விடை தரவில்லை. விடை ஆசிரியர் இலக்கணத்தில் இருக்கிறது. நல்லாசிரியருக்குச் சொல்லப்பட்ட உவமைகளுள் ஒன்று நிறைகோல். ஐயம் தீர்ப்பதோடு நடுநிலையும் அதன் பண்பாக 29ஆம் நூற்பாவில் கூறப்படுகிறது. நடுநிலை தேவைப்படுவது இருவர் மாறுபடும் இடத்தில்தான். தனி ஒருவருக்கு மட்டும் பாடம் சொல்பவருக்கு நிறைகோலால் என்ன பயன்? ஆசிரியராகத் தகாதவருக்குச் சொன்ன உவமைகளுள் முடத்தெங்கும் ஒன்று. தண்ணீர் வார்த்து வளர்ப்பவர் ஒருவர். மரம் வளைந்து காய் தருவதோ வேறொருவர் முற்றத்தில். வழிபட்டு உதவியவரை விட்டுப் பிறருக்கு அளிப்பதையே 35ஆம் நூற்பா குற்றமாகச் சொல்கிறது. அதன் மேல்விளைவாக நான் காண்பது இது: ஓரவஞ்சனை புகுந்த இடத்தில் மாணவர் ஒருவரையொருவர் போட்டியாளராகப் பார்ப்பார்களே ஒழிய உடன் பயில்பவராகப் பார்க்க மாட்டார்கள்.

மாணவராகத் தகாதவர் பட்டியலும் (39) இதே திசையில் செல்கிறது. செருக்குடையவன், பிணக்கன், சினத்தன், வஞ்சகன் ஆகியோர் அதில் உள்ளனர். இக்குணங்கள் கெடுப்பது ஒருவரின் நினைவாற்றலை அன்று. பக்கத்தில் இருப்பவரோடு கொள்ளும் உறவை.

37ஆம் நூற்பாவின் தகுதி வரிசையில் செல்வமும் பிறப்புறவும் இடம்பெற்றிருப்பதை மறைக்க வேண்டியதில்லை. யாரெல்லாம் உள்ளே வரலாம் என்பதில் இந்நூல் தன் காலத்தைத் தாண்டவில்லை. உள்ளே வந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதில் தாண்டியது. இரண்டையும் குழப்பிக்கொண்டதே முந்திய வாசிப்பின் பிழை. தற்காலக் கல்வியியலைப் பழைய நூலின் மேல் ஏற்றுகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட விடை தேவையில்லை. காலும் அரையும் நாம் ஏற்றியவை அல்ல, நூலில் உள்ளவை.

பாயிரம் வெறும் ஏட்டு மரபு, நடைமுறையில் இருந்ததற்குச் சான்று உண்டா என்பாருக்கு 19ஆம் நூற்றாண்டு விடை தரும். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) மாணவர் குழுவைப் பற்றி உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்தவற்றைப் பார்க்கலாம். அந்தணரும் வேளாளரும் செட்டியாரும் மட்டுமன்றி, சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவரும் அங்கே உடன் பயின்றார். உண்ணும் இடத்தில் சாதி வேற்றுமை நீடித்தது என்பதும் உண்மையே. ஆயினும் பாடம் அவர்களிடையே ஒரு பிணைப்பை உண்டாக்கியது. அவர்களுள் மூத்தவரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலிருந்து 1880இல் ஓய்வு பெற்றபோது, தம் இடத்தில் இளையவரான சாமிநாதையரை அமர்த்தினார். சாமிநாதையரோ அதற்கு முன்பே திருவாவடுதுறை மடத்தில் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிப் பழகியிருந்தார். காலும் அரையும் அங்கே வாழ்க்கை முறையாகவே இருந்தன. பிள்ளை மறைந்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகும், அவர் கட்டிய உறவு ஒரு மாணவருக்கு வேலையும் தமிழுக்கு ஒரு பதிப்பாசிரியரும் கிடைக்கக் காரணமாயிற்று.

இன்றைய பள்ளிக்கு

இந்த வாசிப்பு சரி என்றால், இன்று ஆசிரியரை மதிப்பிடும் முறை திருத்தத்துக்கு உரியது. வகுப்பறைக்கு வரும் கல்வி அலுவலர், ஆசிரியர் எப்படி விளக்குகிறார், கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துகிறார், பாடக்குறிப்பேடு முறையாக இருக்கிறதா என்பவற்றையே பெரிதும் பார்க்கிறார். அவர் அளப்பது காற்கூறு.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல், மற்ற கூறுகளுக்கும் இடம் ஒதுக்கியது. ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு எனப் பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். அட்டையில் உள்ள சொல்லைப் படிக்கத் திணறும் குழந்தைக்குப் பக்கத்துக் குழந்தை விரலால் எழுத்தைத் தொட்டுக் காட்டுவது அங்கே முறையான கல்வியாகவே கொள்ளப்பட்டது. ஆனால் சக மாணவர் குழுவை அமைப்பது வேறு, அதற்குள் உறவு உண்டாவது வேறு. யாரோடு யாரை அமர்த்துவது, கெட்டிக்காரக் குழந்தை மற்றதை ஏளனம் செய்யும்போது என்ன சொல்வது, சாதியோ வசதியோ வட்டத்துக்குள் கோடு கிழிக்கும்போது எப்படித் தலையிடுவது என்பவற்றை எந்த அட்டையும் செய்யாது. நிறைகோலாக நிற்கும் ஆசிரியர்தான் செய்ய வேண்டும். அந்தத் திறனே வகுப்பறையில் முக்கால் பங்கு கல்விக்குக் காப்பு.

ஆகவே இரண்டு மாற்றங்களை முன்வைக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில், பாடம் நடத்திக் காட்டுவதற்கு இணையாக, மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை நெறிப்படுத்தும் பயிற்சியும் தேர்வுக்குரிய பகுதியாக வேண்டும். பள்ளிக் கால அட்டவணையில், மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாளின் மாற்றேற்பாடாக இல்லாமல் பாடவேளையாகவே இடம்பெற வேண்டும். கல்வியில் பாதி எடுத்துரைப்பதால் நிரம்புகிறது என்று நன்னூல் சொல்கிறது. அந்தப் பாதிக்கு வாய்ப்பே தராமல் பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, குறையை அவர்கள் தலையில் கட்டும் உரிமை நமக்கு இல்லை.